அண்ணன் பதிந்த டூம் டெமோ, 1996

29 டிசம்பர் 2024, காலை

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒருவர் கேட்டது: “பழைய ஃப்ளாப்பியில் டூம் டெமோ கிடைத்தது என்கிறீர்கள். டெமோ என்றால் யாரோ ஆடியதைப் பிடித்து வைத்த வீடியோதானே? எம்பி4 ஆக மாற்றினால் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறீர்கள்?”

வீடியோவே இல்லைங்க அது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். டூம் 1993இல் வந்த, துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே போகிற கம்ப்யூட்டர் ஆட்டம். அது ஓடிய திரை 320க்கு 200 புள்ளி, 256 நிறம், புள்ளிக்கு ஒரு பைட். அசையாத ஒரே ஒரு படத்துக்கே 64,000 பைட் வேண்டும். என் கையில் இருக்கிற ஃபைல் மொத்தமே 59,374 பைட். ஏழு நிமிடம் நான்கு விநாடி ஓடுகிற ஆட்டம் அதற்குள் இருக்கிறது. ஒரு படம் வைக்கவே இடம் பத்தாத ஃபைலில் ஏழு நிமிடம் எப்படி அடங்கியது என்றால், அதில் படம் என்று எதுவும் கிடையாது. ஆடியவர் எந்த நொடியில் எந்தக் கீயை அழுத்தினார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

டூம் தன் நேரத்தை விநாடிக்கு 35 துண்டாக வெட்டிக்கொள்ளும். ஒரு துண்டுக்கு டிக் என்று பெயர். டிக் ஒன்றுக்கு நான்கு எண். முன்னாலோ பின்னாலோ எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, எவ்வளவு திரும்பினார், நான்காவது எண் சுடுவதற்கும் கதவு திறப்பதற்கும். விநாடிக்கு 140 பைட், அவ்வளவுதான். திரும்ப ஓட்டும்போது விளையாட்டு அந்த எண்களை வாங்கிக்கொண்டு, இப்போதுதான் ஒருவர் உட்கார்ந்து ஆடுகிற மாதிரி, எல்லாவற்றையும் புதிதாக நடத்திக் காட்டும்.

எதிரி எந்தப் பக்கம் திரும்புவான், குண்டு எவ்வளவு காயம் செய்யும் என்பதெல்லாம் குருட்டாம்போக்கில் நடப்பதாயிற்றே, அது எப்படி இரண்டாம் தடவையும் அதே மாதிரி நடக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். குருட்டாம்போக்கு என்று நாம் நினைக்கிறோம். உள்ளே 256 எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. 0, 8, 109, 220, 222, 241 என்று தொடங்கும். புது ஆட்டம் தொடங்கும்போது பட்டியலின் தலையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகும். என்றைக்கு உருட்டினாலும் அதே வரிசையில் விழுகிற தாயக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கீ அதே டிக்கில் அழுந்தினால் அதே சண்டை நடக்கும். ஆனால் ஆட்டத்தின் விதியோ வரைபடமோ இம்மி மாறினாலும் போச்சு. அந்த இடத்தில்தான் ஒரு வாரமாக நிற்கிறேன்.

29 டிசம்பர் 2024, இரவு

எங்கே கிடைத்தது என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.

திருச்செங்கோட்டில் என் பெரியம்மா வீடு. பெரியப்பா போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். அங்கே ஒரு 486 கம்ப்யூட்டர் இருந்தது. எந்த ஊரில் எத்தனை அடி ஓட்டினார்கள், கேசிங் பைப் எத்தனை அடி இறக்கினார்கள், டீசலுக்கு எவ்வளவு, ஆளுக்குப் படி எவ்வளவு என்று அடிக்கணக்குப் போடுவதற்காக வாங்கியது. பெரியம்மா மகன், என் அண்ணன், கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு இருபது வயது, எனக்கு ஒன்பது. நாங்கள் காங்கயம் பக்கம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னைத் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டுவிடுவார்கள்.

இந்த மார்கழியில் பெரியம்மா அந்த முன்னறைக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார். அட்டாலியில் இருந்து இறக்கிய சாமானில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே 11 ஃப்ளாப்பி. இரண்டில் “டூம் 1”, “டூம் 2”. எட்டில் கணக்கு. ஒன்றில் அண்ணன் கையெழுத்தில் “லீவு” என்று மட்டும்.

மூடியைத் தள்ளிப் பார்த்தால் தட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் அதன் படிக்கும் தலையும் கெட்டு ஃப்ளாப்பியும் கிழியும். காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, நடுவில் இருக்கும் இரும்பு வட்டைக் கட்டை விரலால் சுற்றிக்கொண்டே, இரண்டு பக்கமும் துடைத்தேன். அழுத்தினால் காந்தப் பூச்சு போய்விடும் என்பதால் சும்மா தொட்டும் தொடாமலும். காய்ந்த பிறகு யூஎஸ்பி டிரைவில் போட்டேன். “லீவு” நாலாவது முயற்சியில் முழுதாகப் படித்தது. “டூம் 2” படிக்கவே இல்லை. அப்படியென்றால் ஆட்டத்தின் எண்கள் வந்துவிட்டன, அதை ஓட்டுகிற ஆட்டம் வரவில்லை.

ஃபைலின் தேதி 12-05-1996, நேரம் 15:42. காலண்டரில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை.

30 டிசம்பர் 2024

ஷேர்வேர் டூமை, அதாவது இலவசமாகக் கொடுத்த முதல் பாகத்தை, இணையத்திலிருந்து இறக்கி, சாக்லேட் டூமில் போட்டு ஓட்டினேன். (சைமன் ஹோவர்ட் 2005இல் தொடங்கியது. பழைய ஆட்டத்தை அதன் பிழைகளோடு சேர்த்து அப்படியே நடத்துவதுதான் அதன் நோக்கம்.) பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் சரியாக நடந்தார். அப்புறம் சுவரில் போய் முட்டினார். முட்டிய இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார். கதவே இல்லாத இடத்தில் கதவைத் திறக்கப் பார்த்தார். எதிரி முதுகுக்குப் பின்னால் நின்று சுட, இவர் ஒரு மூலையைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தார். கண் தெரியாதவரை யாரோ தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்க்க மனசு வரவில்லை.

31 டிசம்பர் 2024

பல்லடத்து நண்பர் சொன்னது சரி. ஃபைலின் முதல் எண்ணைப் பார்க்கச் சொன்னார். 106 என்று இருக்கிறது. அது பதிப்பைக் குறிக்கும் எண். 106 என்றால் 1.666, 1994இல் வந்தது. நான் இறக்கியது 1.9, அதற்கு 109. எச்சரிக்கை கண்ணெதிரே வந்தும் படிக்காமல் விட்டது என் தவறு.

நேற்று வேறொருவர், 1.9தான் கடைசிப் பதிப்பு, பிழை எல்லாம் திருத்தியது, அதில்தான் நன்றாக ஓடும் என்று சொல்லியிருந்தார். ஆடுவதற்கு அது சரி. டெமோவுக்கு அது எதிரி. பிழை திருத்தாத ஆட்டத்தில் பதிந்த கைக்கு, அதே பிழைகள் அதே இடத்தில் இருக்க வேண்டும். அண்ணன் திரும்பின இடத்தில் சுவர் ஒரு நூல் தள்ளி இருந்தால்கூட அடுத்து வருகிற அத்தனையும் கோணலாகிவிடும்.

அதனால்தான் ஒரிஜினல் பதிப்புகளை ஒன்று விடாமல் யாரோ சேர்த்து வைத்திருப்பது எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரிகிறது. டூமின் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் 1997 டிசம்பரில் டூமின் மூல நிரலை வெளியே விட்டார். அது நடந்திருக்காவிட்டால் சாக்லேட் டூம் இல்லை, என் ஃப்ளாப்பிக்கும் பதில் இல்லை. 1.666 தேடிக்கொண்டிருக்கிறேன்.

1 ஜனவரி 2025

ஆட்டம் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியவில்லை. எண்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பைத்தானில் பத்து வரி எழுதி, ஃபைலை நாலு நாலாகப் பிரித்து, நகர்கிற எண்களை எல்லாம் வரிசையாகப் போட்டேன். தலைப்பு 13 பைட், கடைசியில் முடிந்தது என்று சொல்ல 128 என்று ஒரு பைட், நடுவில் 14,840 டிக்.

ஒன்று. முன்னால் நடப்பதற்கான எண் டூமில் 25. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினால் 50. இந்த ஃபைல் முழுக்க 50 என்று ஒரு இடத்தில்கூட இல்லை. இது எனக்குப் பெரிய அதிர்ச்சி. என் நினைவில் அண்ணன் காற்று மாதிரி ஆடுவார். திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மூன்று நாலு வீட்டுப் பையன்களுக்கும் அவர்தான் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ஏழு நிமிடமும் நடந்தே போயிருக்கிறார்.

இரண்டு. பக்கவாட்டு எண் எல்லாமே 0. ஆல்ட்டைத் தொடவே இல்லை. திரும்புகிற எண்களும் எண்ணி ஐந்தாறு வகைதான். மவுஸ் பிடித்திருந்தால் விதவிதமான எண் வந்திருக்கும். அம்புக்குறிக் கீ நாலை மட்டும் வைத்து ஆடியிருக்கிறார்.

மூன்றாவதைத்தான் நேற்று ராத்திரியிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வரிசையாக 1,820 டிக் பூஜ்யம். 52 விநாடி. நடக்கவில்லை, திரும்பவில்லை. திரையை எவ்வளவு உருட்டினாலும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அந்த நேரத்தில் அவர் முதல் கட்டத்தில், ஹேங்கரில், இருந்திருக்க வேண்டும். ஹேங்கரில் ஜன்னல் உண்டு. வெளியே ஒரு முற்றம், தூரத்தில் சாம்பல் நிறத்தில் மலை. எனக்கு அந்த மலை ரொம்பப் பிடிக்கும். பெரியம்மா வீட்டு வாசலில் நின்றால் திருச்செங்கோட்டு மலை சிவப்பாகத் தெரியும், இது சாம்பலாக இருக்கிறதே, அங்கே போக முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேனாம். எனக்கு மலை காட்டத்தான் அண்ணன் கையை எடுத்துவிட்டு 52 விநாடி ஜன்னலோரம் நின்றிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

2 ஜனவரி 2025

பொள்ளாச்சியிலிருந்து ஒரு கேள்வி. டெமோ என்றால் இலவசமாகக் கொடுத்த அந்த முதல் பாகம்தானே, நீங்கள் வேறு எதையோ டெமோ என்கிறீர்களே என்று.

நம் ஊரில் இரண்டையும் டெமோ என்றுதான் சொன்னோம். 1993 டிசம்பர் 10 அன்று, டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டது மூன்று அத்தியாயத்தில் முதலாவதை, ஒன்பது கட்டம், யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று. பிடித்திருந்தால் மிச்ச இரண்டையும் காசு கொடுத்துத் தபாலில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அது ஒரு டெமோ. ஆட்டத்தைத் திறந்து எதையும் தொடாமல் விட்டால் தானாக ஒருவன் ஓடிச் சுட்டுக்கொண்டிருப்பானே, அது இன்னொரு டெமோ. அதுவும் நான் சொன்ன அதே நாலு எண் சமாசாரம்தான். அந்த முதல் பாகம் முழுவதும், ஒன்பது கட்டம், ஒலி, இசை, தானாக ஓடும் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்த தரவுக் கோப்பு, 1.9இல் 4,196,020 பைட். இன்று போனில் எடுக்கிற ஒரு நல்ல போட்டோ அளவு.

நாம் பதிய வேண்டுமென்றால் டாஸில் ஆட்டத்தின் பெயருக்குப் பின்னால் ‘ரெக்கார்ட்’ என்று போட்டு ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ஆடி முடித்ததும் க்யூ கீ. அப்போதுதான் அத்தனையும் வட்டில் எழுதும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மே மாதத்துத் திருச்செங்கோட்டில், யூபிஎஸ் இல்லாத ஆபீஸில், ஏழு நிமிடம் கரண்ட் நின்றதே பெரிசு. இதற்கு முன் எத்தனை தடவை பதிந்து எத்தனை போயிருக்கும் என்று தெரியவில்லை. மிஞ்சியது இது ஒன்று.

இரண்டு அத்தியாயங்களை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை. டாலர் அனுப்புகிற வழி யாருக்குத் தெரியும்? ஒன்பது கட்டம்தான் எங்களுக்கு மொத்த டூமும். குறையாகத் தோன்றியதே இல்லை.

5 ஜனவரி 2025

1.666 கிடைத்துவிட்டது. பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டுகிற டாஸ்பாக்ஸில் அந்தப் பதிப்பையே வைத்து ஓட்டினேன். ஓடுகிறது! சுவரில் முட்டாமல், கதவுக்கு நேராகப் போய், கதவைத் திறந்து, படியேறி, பச்சைக் கவசத்தை எடுத்து. 28 வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது என் மடிக்கணினியில் இன்று ஒரு தடவை நடந்தது. நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

1ஆம் தேதி எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஏழு நிமிடம் நான்கு விநாடியும் ஆட்டம் இல்லை. ஹேங்கர் முடிந்து வருகிற கணக்குத் திரையில் 19 விநாடி நின்றிருக்கிறார். அதுவும் ஃபைலில் பதிந்திருக்கிறது. அந்தத் திரையில் எங்கள் நேரம் 3:21 என்று வருகிறது. பக்கத்தில் அவர்கள் வைத்த இலக்கு, 30 விநாடி. இந்தக் கட்டத்தை வடித்தவர் ஜான் ரொமேரோ. அவர் போட்ட ஒவ்வொரு மூலையையும் நின்று நிதானமாகப் பார்த்த ஆட்டம் இது.

இரண்டாவது திருத்தம் பெரிது. அந்த 52 விநாடி முழுக்கப் பூஜ்யம் இல்லை. என் நிரல் நகர்கிற மூன்று எண்களை மட்டும்தான் எடுத்தது. நான்காவதை நான் பார்க்கவே இல்லை. ஓட்டிப் பார்த்தால், கதவு மூடியிருக்கிறது, இந்தப் பக்கம் எதிரி யாரும் மிச்சமில்லை. ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை, ஒரு பழுப்புச் சுவரைப் பார்த்து நிற்கிறார். நின்றபடியே சுடுகிறார். சுவரில் சின்னதாகப் புகை வருகிறது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார். மறுபடி சுடுகிறார். நான்காவது எண்ணை எடுத்துப் பார்த்தேன். எட்டு இடத்தில் 1 என்று நாலைந்து டிக்குக்கு வந்து, மறுபடி 0.

அப்படியென்றால் எனக்கு மலை காட்ட நின்றார் என்று எழுதியது தப்பு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, ஆனால் கண்ணால் பார்த்த பிறகு வேறு சொல்ல முடியாது. வெற்றுச் சுவரைச் சுட அவருக்கு என்ன வந்தது என்று புரியவில்லை. ஒரு தோட்டாவை வீணாக்க மாட்டார் அவர்.

6 ஜனவரி 2025

சின்னதாக ஒன்று. தலைப்பில் இரண்டாவது எண், எவ்வளவு கடினமான ஆட்டம் என்பது. 0. இருப்பதிலேயே லேசானது. எதிரிகள் குறைவு, படுகிற காயம் பாதி, எடுக்கிற தோட்டா இரண்டு மடங்கு. ஒன்றும் சொல்லாமல் விட்டால் நடுவில் இருக்கிற 2தான் வரும். 0 வேண்டுமென்றால் மெனக்கெட்டு டைப் செய்துதான் வாங்க வேண்டும். ஏன் அப்படிச் செய்தார்?

9 ஜனவரி 2025

அண்ணனுக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்குப் பிறகு வண்டி இப்போது அவர் பேரில். ராய்ப்பூர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்ப்ரசர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

“ஏன்டா தம்பி, அதையெல்லாமா தேடி எடுத்து வெச்சிருக்கற?”

“ஆமாங்ணா. ஒரு இடத்துல மட்டும் 52 செகண்ட் சும்மா நிக்கறீங்க. நின்னுட்டு சுவத்தைச் சுடறீங்க. அதுதான் ஏன்னு தெரியலைங்ணா.”

“ஞாயித்துக்கெழமையா?”

“ஆமாங்ணா, மத்தியானம்.”

“அப்ப போன் வந்திருக்கும். ஞாயித்துக்கெழமை மத்தியானமானா வண்டிக்காரங்க எஸ்டிடி பூத்துல இருந்து கூப்புட்டு அடி சொல்லுவாங்க. ஒரு கையில போனு, ஒரு கையில பேனா. நானெங்கடா சுடறது?”

“அப்பறம் யாருங்ணா சுட்டது?”

கொஞ்ச நேரம் கம்ப்ரசர் மட்டும் கேட்டது.

“நீதான்டா சுடுவ. நான் நடக்கறதுக்கு, நீயி சுடறதுக்கும் கதவு தொறக்கறதுக்கும். மறந்தே போச்சா உனக்கு?”

மறந்தேதான் போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், மற்றவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

10 ஜனவரி 2025

இப்போது எல்லாம் பொருந்துகிறது. அம்புக்குறிகள் கீபோர்டின் வலது பக்கம், அண்ணன் ஒரு கையால் ஆட்டினார். கண்ட்ரோலும் ஸ்பேஸும் இடது பக்கம், அங்கே நான். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் அழுத்த ஒன்பது வயதுக் கைக்கு எட்டாது, அதனால்தான் 50 எங்கும் இல்லை. ஆல்ட்டும் என் பக்கம், அது எதற்கு என்று எனக்குத் தெரியாது, அதனால்தான் இரண்டாவது எண் கடைசிவரை 0. ஆட்டம் லேசாக வைத்தது எனக்காக.

கோபி நண்பர் மறுபடி கேட்கிறார்: “அண்ணன் நினைவில் இருந்து சொல்கிறார், 28 வருடம் ஆயிற்று, ஃபைலில் அதற்குச் சாட்சி உண்டா?” நல்ல கேள்வி. நேற்று ராத்திரி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவுகளைப் பாருங்கள். ஒரே ஆள் ஆடினால் கதவை நெருங்கும்போதே ஸ்பேஸை அழுத்திவிடுவார், நடை நிற்காது. இங்கே ஒவ்வொரு கதவு முன்னாலும் முதல் எண் 0 ஆகிறது, நிற்கிறார், அப்புறம்தான் நான்காவதில் 2 வருகிறது. முதல் கதவில் இடைவெளி 31 டிக், ஏறக்குறைய ஒரு விநாடி. “கதவு, கதவு” என்று அண்ணன் சொல்லி, நான் ஸ்பேஸைத் தேடி அழுத்துகிற நேரம் அது. இரண்டாம் கதவில் 24. இரண்டாவது கட்டத்தில் ஒரு இடத்தில் 9. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் அழுத்தப் பழகியிருக்கிறேன்.

எதிரி வரும்போதும் அப்படித்தான். மூன்றாவது எண் திரும்பி முடிந்து, நேராக நின்ற பிறகுதான் நான்காவதில் 1 வருகிறது. அவர் என்னை எதிரிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்.

52 விநாடி மர்மமும் முடிந்தது. அவர் போனில் அடி எழுதிக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்கமாட்டாமல் சுவரைச் சுட்டிருக்கிறேன்.

11 ஜனவரி 2025

இதை வீடியோவாக எடுத்துக் காட்டச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறீர்கள். எடுத்துத் தருகிறேன். ஆனால் எடுத்த பிறகும் அந்த 59,374 பைட்டைத்தான் மூன்று இடத்தில் நகல் போட்டு வைப்பேன், கூடவே 1.666ஐயும். வீடியோவில் ஒரு ஆள் நடப்பதும் சுடுவதும்தான் தெரியும். எந்த எண் யாருடைய கை என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

ஈரோட்டு நண்பருக்கு: அளவு வரம்பு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஒன்றும் சொல்லாமல் பதிந்தால் 1,31,072 பைட் வரை, கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதற்கு மேல் வேண்டுமானால் தொடங்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். பழைய ஃப்ளாப்பி யாரிடமாவது இருந்தால் பூஞ்சையைத் துடைக்காமல் டிரைவில் போட்டுவிடாதீர்கள். எல்எம்பி என்று முடிகிற பெயர் (டூம் டெமோ ஃபைல்கள் அப்படித்தான் முடியும்) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

16 ஜனவரி 2025

பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறார். பட்டிப் பொங்கல் அன்று காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோடு போனேன். முன்னறையில் புது வெள்ளையின் வாசம். மேசை இருந்த அதே இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள், அதில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினேன். அண்ணன் அண்ணி, பெரியம்மா, அண்ணன் மகள் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

அண்ணன் ஒன்றும் பேசாமல் பார்த்தார். சுவரைச் சுடும் இடம் வந்தபோது மட்டும், “நகைப்பட்டறைக்காரன் மாதிரி டக்கு டக்குனு தட்டிக்கிட்டே இருப்பான், போன்ல ஒண்ணும் கேக்காது” என்று பெரியம்மாவிடம் சொன்னார். இப்போது அவர் வலது கையில் இரண்டு விரல் மடங்காது, ராடு கழற்றும்போது பட்ட அடி. அந்தக் கையை மடிக்கணினியின் அம்புக்குறிகள் மேல் வைத்துக்கொண்டே கடைசிவரை பார்த்தார். அழுத்தவில்லை.

முடிகிற இடத்தை நான் இதுவரை எழுதவில்லை. அவரிடம் கேட்ட பிறகு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

இரண்டாவது கட்டத்தில், நியூக்ளியர் பிளான்ட்டில், விளக்கு விட்டு விட்டு எரிகிற ஒரு இருட்டு அறை இருக்கிறது. கம்ப்யூட்டர் அடுக்குகளுக்கு நடுவே சந்து சந்தாகப் போகும். அதற்குள் நடக்கிறார். திரும்புகிறார், எதிரே பழுப்பு நிறத்தில் இம்ப் என்கிற பூதம், கை நீட்டினால் தொடுகிற தூரம். நேராக நிறுத்திவிட்டார், எப்போதும் போல. நான்காவது எண் 0. ஒரு விநாடி ஆகிறது, 0. இம்ப் கையை ஓங்கி அடிக்கிறது, திரை சிவக்கிறது, அப்போதும் 0.

“ஏங்ணா நான் சுடலை?”

“கண்ணைப் பொத்திட்டியே,” என்றார். “ரெண்டு கையும் கண்ணு மேல.”

அங்கிருந்து முதல் எண் மைனஸ் 25. பின்னால் வருகிறார். 63 டிக், மைனஸ் 25, மைனஸ் 25, மைனஸ் 25, ஒன்றுகூட விடாமல், சந்தை விட்டு வெளிச்சத்துக்கு வரும்வரை. அப்புறம் 128.